ஸீ சேஞ்ச்... சத்தமே இல்லாமல்!

"இந்த வருஷம் நம்ம கம்பெனியில ஒரு ஸீ சேஞ்ச் வரப் போகுது!"

மீட்டிங்கில் மேனேஜர் இப்படி ஆரம்பித்தால் பயப்படாதீர்கள். பெரும்பாலும் என்ன நடக்கும் தெரியுமா? மூணாவது மாடியில் இருந்த அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் ரெண்டாவது மாடிக்கு வரும். டீ கொண்டு வரும் பையனை நிறுத்திவிட்டு காபி மெஷின் வைப்பார்கள். ஆறு மாசத்தில் மெஷின் ரிப்பேராகும். பையன் பழையபடி தூக்குவாளியோடு வருவான். அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனுக்கு மறுபடி மூணாவது மாடி. ஸீ சேஞ்ச் ஓவர்!

இங்கிலீஷில் பெரிய மாற்றம் என்றால் உடனே கைக்கு வரும் வார்த்தை இது. தேர்தல் ரிசல்ட்டா? ஸீ சேஞ்ச். ஓப்பனிங் பேட்ஸ்மேனை மாற்றினார்களா? ஸீ சேஞ்ச். பக்கத்து சீட் நண்பர் மீசையை எடுத்துவிட்டு வந்தால்கூட, "என்னப்பா, ஸீ சேஞ்சா இருக்கே!"

இதைத் தமிழில் அப்படியே 'கடல் மாற்றம்' என்று எழுதிப் பாருங்கள். "ஆபீஸை பீச்சுக்கு மாத்திட்டாங்களா ஸார்?" என்று கேட்பார்கள். அதனால் நாம் சாமர்த்தியமாக 'திருப்புமுனை' என்று போட்டுவிடுகிறோம். பேப்பரில் தினமும் ரெண்டு திருப்புமுனை, ஞாயிற்றுக்கிழமை நாலு.

ஆனால் ஸீ சேஞ்சும் திருப்புமுனையும் ஒன்றல்ல. எப்படி என்று தெரிந்துகொள்ள டிக்‌ஷனரியைப் புரட்டுவதைவிட, தூத்துக்குடிக்கு ஒரு பஸ் ஏறுவது நல்லது. ஏன் தூத்துக்குடி? அந்த வார்த்தை எப்படிப் பிறந்தது என்று முதலில் பார்த்துவிடலாம்.

பொய்யில் பிறந்த வார்த்தை

இதைப் பெற்றெடுத்தவர் சாட்சாத் ஷேக்ஸ்பியர். 1611-ஐ ஒட்டி அவர் எழுதிய 'தி டெம்பெஸ்ட்' நாடகத்தில் ஒரு கப்பல் புயலில் மாட்டிக்கொள்கிறது. நேப்பிள்ஸ் நாட்டு இளவரசன் ஃபெர்டினாண்ட் தனியாக ஒரு தீவில் கரை ஒதுங்குகிறான். அப்பா என்ன ஆனார் என்று தெரியாமல் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கிறான். அப்போது ஏரியல் என்கிற கண்ணுக்குத் தெரியாத ஆவி பாட்டுப் பாடுகிறது. உன் அப்பா கடலுக்கு அடியில் கிடக்கிறார். ஆனால் அழிந்து போகவில்லை. அவருடைய எலும்பு பவளமாகவும் கண்கள் முத்தாகவும் மாறிவிட்டன என்று சொல்கிறது. அந்த மாற்றத்துக்குத்தான் அங்கே 'ஸீ சேஞ்ச்' என்று பெயர்.

இதில் தமாஷ் என்னவென்றால், அப்பா சாகவே இல்லை! அதே தீவின் இன்னொரு மூலையில் பத்திரமாக இருக்கிறார். ஆக, பிறக்கும்போதே பொய்ச் செய்தியோடு பிறந்த வார்த்தை இது. நம்ம ஆபீஸ் சர்க்குலரில் வந்து உட்கார்ந்ததில் ஆச்சரியமே இல்லை.

செய்தி பொய்யாக இருக்கலாம். ஆனால் வார்த்தையின் அர்த்தத்தைக் கவனியுங்கள். எலும்பு பவளமாவது ஒரே ராத்திரியில் நடக்கிற காரியம் இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில், மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக நடக்கிறது. மேலே அலை வழக்கம்போல அடித்துக்கொண்டிருக்கும். முடிந்த பிறகு பார்த்தால் பழைய பொருளே இருக்காது. பவளத்தை மறுபடி எலும்பாக்க எந்த மேனேஜராலும் முடியாது.

முத்து, பவளம். இந்த ரெண்டும் சேர்ந்து கிடைத்த கடல் நமக்கு எது? மன்னார் வளைகுடா. இப்போது புரிகிறதா, தூத்துக்குடி பஸ் ஏன் என்று?

லைட்ஹவுஸ் இல்லாத மாற்றம்

'முனை' என்ற வார்த்தை நிலத்தைச் சேர்ந்தது. கரை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் இடம். குமரி முனை, மணப்பாடு முனை. கன்னியாகுமரி பக்கமிருந்து வரும் கப்பலுக்கு மணப்பாடு தூரத்திலேயே தெரியும். அங்கே லைட்ஹவுஸ் கூட உண்டு. "இதோ முனை, இங்கே திரும்பணும்" என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். கல்யாணம், புது வேலை, வெளிநாட்டு விசா எல்லாம் இப்படித்தான். தேதி உண்டு, பத்திரிகை உண்டு, சில சமயம் பந்தியும் உண்டு.

ஸீ சேஞ்சுக்கு லைட்ஹவுஸ் கிடையாது. கடந்து போன பிறகுதான், "அடடே, அங்கேயே மாறியிருக்கே!" என்று தெரியும்.

தூத்துக்குடியிலிருந்து வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் முதலில் வருவது உப்பளம். கண்ணுக்கு எட்டிய வரைக்கும் பாத்தி. இந்தியாவில் உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்தபடி தமிழ்நாடு. அதில் பெரும் பங்கு இந்த மாவட்டத்து உப்பளங்கள்தான். இங்கேயே நமக்கு முதல் பாடம் காத்திருக்கிறது.

கடல் தண்ணீரின் அடர்த்தி அதற்கான டிகிரிக் கணக்கில் சுமார் மூன்று, மூன்றரை. அதை ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாற்றி மாற்றி வெயிலில் காய விடுவார்கள். ஐந்து டிகிரி, பத்து டிகிரி, பதினைந்து டிகிரி... பார்க்கிற நமக்கு எல்லாம் தண்ணீராகத்தான் தெரியும். இருபதிலும் தண்ணீர்தான். சுமார் இருபத்தைந்து டிகிரியைத் தொட்டதும் உப்பு பூக்க ஆரம்பிக்கிறது! அந்த வழியாகப் போகிற டூரிஸ்ட், "ஒரே நாள்ல உப்பாயிடுச்சு!" என்பார். வெயிலில் நின்று வேலை பார்த்தவருக்குத்தானே தெரியும், அது எத்தனை நாள் கதை என்று!

பூத்த நாளை மட்டும் பார்ப்பவன் அதைத் திருப்புமுனை என்கிறான். மூன்றிலிருந்து இருபத்தைந்து வரை ஏறியது இருக்கிறதே, அதுதான் ஸீ சேஞ்ச்.

தருவைகுளத்து வலை

உப்பளம் தாண்டினால் தருவைகுளம். பெயரில் குளம் இருந்தாலும் ஊரின் பிழைப்பு கடல். இந்த ஊர் விசைப்படகுகள் ஆழ்கடலில் நாள் கணக்கில் தங்கி மீன் பிடிப்பவை. வலை, செவுள் வலை. தண்ணீருக்குள் சுவர் மாதிரி தொங்கும். கண்ணியில் தலையை நுழைத்த மீன், பின்னால் இழுக்க முடியாமல் செவுளில் மாட்டிக்கொள்ளும். கண்ணியின் அளவுக்குச் சின்ன மீன் தப்பிப் போய்விடும். அடிக்கடலை வாரிக்கொண்டு வரும் இழுவை வலைக்கும் இதற்கும் அதுதான் வித்தியாசம்.

நமக்குக் கடலில் மாற்றம் என்றால் அலை பெரிசா, சின்னதா என்பதோடு சரி. மீனவருக்கு அப்படி இல்லை. காற்றுக்கே தனித் தனிப் பெயர்: வாடை, கொண்டல், கச்சான், சோழகம். அடியில் ஓடும் நீரோட்டத்துக்கும் பெயர் உண்டு: வாநீவாடு, சோநீவாடு. காற்று மாறினால் முகத்தில் தெரியும். நீரோட்டம் மாறினால் மேலே ஒன்றும் தெரியாது. வலையின் இழுப்பில்தான் தெரியும். கடலின் மாற்றத்தை அலையில் தேடாதே, வலையில் தேடு என்பது அவர்கள் பாடம்.

அந்தக் கடற்கரை வாழ்க்கையே மாறிய விதத்தைப் பாருங்கள். பாய்மரம் போய் இன்ஜின் வந்தது. பருத்தி நூல் வலை போய் நைலான் வந்தது. பருத்தி வலையைச் சாயம் ஏற்றி, காய வைத்து, கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டும். நைலானுக்கு அந்தச் சிரமம் இல்லை. கரையில் தெரியும் கோயில் கோபுரத்தையும் பனைமரத்தையும் ஒரே கோட்டில் நிறுத்தி, "இதுதான் நம்ம பார்" என்று இடம் கண்டுபிடித்த காலம் போய், கையடக்க ஜி.பி.எஸ். கருவி வந்தது. எந்தத் தேதியில்? யாரும் ரிப்பன் வெட்டவில்லை. ஒரு படகில் வந்தது, பிறகு பத்துப் படகில், பிறகு எல்லாவற்றிலும். பேட்டரி தீர்ந்த ஒரு ராத்திரியில்தான், கோபுரமும் பனைமரமும் பார்த்துக் கரை சேரத் தெரிந்தவர்கள் குறைந்து போனது உறைக்கும்.

கடல் நகர்ந்த கதை

கொற்கை என்றால் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்போம். பாண்டியர் துறைமுகம், முத்துக்குப் பேர் போனது. "துறைமுகத்தைப் பார்க்கலாமே" என்று இன்றைக்குப் போய் இறங்கினால் வயலும் குளமும்தான் இருக்கும். கடல் ஆறேழு கிலோமீட்டர் கிழக்கே!

என்ன ஆச்சு? எந்த ராஜாவும் படையெடுத்து அழிக்கவில்லை. தாமிரபரணி வண்டல் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருந்தது. அவ்வளவுதான். வருஷத்துக்கு ஒரு துளி மண் மேடு. கப்பல் வர முடியவில்லை. வியாபாரம் கிழக்கே காயலுக்கு நகர்ந்தது. பதிமூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ அந்தக் காயல் துறைமுகத்தைப் பற்றித்தான் பெரிசாக எழுதி வைத்தார். பிறகு அதுவும் தூர்ந்தது. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் காலத்தில் ஆற்று முகத்துவாரத்தில் புன்னைக்காயல். அப்புறம் தூத்துக்குடி.

கொற்கைக்குத் திருப்புமுனை எந்த வருஷம் என்று கேட்டால், பதில் கிடையாது. கடைசிக் கப்பல் புறப்பட்ட அன்றைக்கு, "இதுதான் கடைசி" என்று துறைமுகத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது. அடுத்த சீசனுக்கு வரும் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

1961: யாரும் குறித்து வைக்காத வருஷம்

கொற்கை ரொம்பப் பழைய கதை என்கிறீர்களா? சரி, நம்ம தாத்தா காலத்துக்கு வருவோம்.

முத்துக்குளிப்பு என்பது வருஷா வருஷம் நடக்கிற திருவிழா இல்லை. கடலுக்கு அடியில் இருக்கும் முத்துப் பார்களைச் சோதித்து, சிப்பி விளைந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் சர்க்கார் அறிவிப்பு வரும். வந்துவிட்டால் கடற்கரையில் ஓலைக் கொட்டகை போட்டு ஒரு தற்காலிக நகரமே முளைக்கும். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு குளியாள் இறங்குவார். மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்டாக்கு நிற்பார். சுறாவை மந்திரத்தால் கட்டிப் போடுவதற்கென்றே 'கடல்கட்டி' என்று ஒருவர் உண்டு. அவரில்லாமல் குளியாட்கள் தண்ணீரில் இறங்க மாட்டார்கள். கரைக்கு வந்த சிப்பியை எண்ணி ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா, இல்லையா? திறந்தால்தான் தெரியும். லாட்டரி டிக்கெட் கண்டுபிடிப்பதற்கு முன்னாலேயே நம்ம ஊரில் லாட்டரி இருந்தது!

1955 முதல் 1961 வரை தூத்துக்குடிக் கடலில் தொடர்ந்து முத்துக்குளிப்பு நடந்தது. 1961 சீசன் முடிந்தது. படகுகள் கரை ஏறின. கொட்டகைகளைப் பிரித்தார்கள். எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள்.

அதுதான் கடைசி. ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல் பெயர் சொல்லி வந்த தொழில், அன்றோடு முடிந்தது. அதற்குப் பிறகு அந்த மாதிரி முத்துக்குளிப்பு நடக்கவே இல்லை.

ஆனால் அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது. காரணம் எளிது. பத்து வருஷம், இருபது வருஷம் சிப்பி இல்லாமல் போவதும், மறுபடி வருவதும் அந்தக் கடலுக்கு வழக்கம்தான். "சிப்பி ஓய்வெடுக்குது, வரும்" என்று காத்திருக்க நியாயம் இருந்தது. ஐந்து வருஷம் ஆச்சு, பத்து வருஷம் ஆச்சு... எந்த நாளில் காத்திருப்பது நின்றது என்று சொல்ல முடியாது. ஸீ சேஞ்சின் தந்திரமே இதுதான். வழக்கமான ஏற்ற இறக்கத்தின் வேஷத்தில் வரும்.

1973: எல்லாரும் குறித்து வைத்த வருஷம்

இப்போது எதிர்ப்பக்கம் பாருங்கள். தருவைகுளத்துக்குச் சற்று வடக்கே வேப்பலோடை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1972-ல் அங்கே முத்து வளர்ப்பு ஆராய்ச்சியைத் தொடங்கியது. முத்து என்பது மழைத்துளி சிப்பிக்குள் விழுந்து உண்டாவதல்ல. உள்ளே புகுந்த அந்நியப் பொருளையோ ஒட்டுண்ணியையோ சமாளிக்க, சிப்பி அதைச் சுற்றித் தன் மேலோட்டின் உள்பூச்சைப் படலம் படலமாகப் பூசுகிறது. மனிதனே ஒரு சின்ன உருண்டையை உள்ளே வைத்தால்? அறுவை சிகிச்சை மாதிரி நுணுக்கமான வேலை. டாக்டர் கே. அழகர்சுவாமி அதைச் செய்து காட்டினார். 1973-ல் இந்தியாவின் முதல் வளர்ப்பு முத்து உருண்டு வந்தது.

இதற்கு என்ன தலைப்புப் போடலாம்? கண்ணை மூடிக்கொண்டு 'திருப்புமுனை' என்று போடலாம். சாதனை நிஜம். 1981-ல் முத்துச் சிப்பிக் குஞ்சுகளைக் குஞ்சுப் பொரிப்பகத்திலேயே உற்பத்தி செய்தார்கள். அதுவும் நிஜம். ஆனால் கடற்கரை ஊர்களில் வீட்டுக்கு வீடு முத்துப் பண்ணை வந்ததா? வரவில்லை. விஞ்ஞானம் ஜெயித்தது, அது பெரிய தொழிலாக வளரவில்லை. முத்து வளர்ப்பில் ஜப்பான் நமக்கு எண்பது வருஷம் முன்னால் ஓட ஆரம்பித்துவிட்டது. கோகிச்சி மிகிமோட்டோ தன் முதல் அரைவட்ட வளர்ப்பு முத்தைப் பார்த்தது 1893-ல். பிற்பாடு சீனாவின் நன்னீர் முத்து மூட்டை மூட்டையாக வந்து சந்தையை நிரப்பியது.

ஜப்பான் முத்தால் அடி வாங்கியது நாம் மட்டுமல்ல. பாரசீக வளைகுடாவில் பஹ்ரைனும் குவைத்தும் முத்தை நம்பிப் பிழைத்த ஊர்கள். 1920-களில் வளர்ப்பு முத்து உலகச் சந்தைக்கு வந்தது. 1929-ல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியும் சேர்ந்துகொண்டது. அவர்கள் முத்துத் தொழில் படுத்தேவிட்டது. அவர்கள் அதிர்ஷ்டம், 1932-ல் பஹ்ரைனில் எண்ணெய் கிடைத்தது. பிற்காலத்தில் நம்ம ஊர்ப் பையன்கள் 'கல்ஃப்' என்று பெட்டி கட்டியதற்கு விதை அங்கேதான் விழுந்தது.

ஆக, கணக்கு இப்படி. கொட்டு மேளத்தோடு வந்த 1973, கடற்கரையின் பிழைப்பைப் புரட்டிப் போடவில்லை. சத்தம் போடாமல் போன 1961 புரட்டிப் போட்டது.

இதே கணக்கை நம்ம தெருவுக்கும் போட்டுப் பாருங்கள். 2013 ஜூலையில் தந்தி சேவை நிறுத்தப்பட்டது. கடைசித் தந்தி கொடுக்க ஜனங்கள் க்யூவில் நின்றார்கள், பேப்பரில் போட்டோ வந்தது. ஆனால் தந்தி செத்தது அன்றைக்கா? "தந்தி வந்திருக்கு" என்றதும் வீட்டில் அழுகைச் சத்தம் கிளம்பியது எப்போது நின்றதோ, அன்றைக்கே அது செத்துவிட்டது. மஞ்சள் போர்டு எஸ்.டி.டி. பூத்துக்கு அந்தக் கடைசி க்யூ கூட கிடைக்கவில்லை. நீங்கள் கடைசியாக எந்த பூத்தில், யாருக்குப் பேசினீர்கள்? யோசித்தாலும் ஞாபகம் வராது. கடைசி என்று அப்போது தெரியாதே!

ரெண்டு தீவைக் காணோம்

முத்துக் கதை முடிந்துவிட்டது. பவளக் கதை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

பவளப் பாறை என்கிறோமே தவிர, அது வெறும் கல் இல்லை. பாலிப் என்கிற துளியூண்டு பிராணிகள் தலைமுறை தலைமுறையாகச் சுண்ணாம்பைச் சேர்த்துக் கட்டுகிற காலனி. தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் பக்கம் வரைக்கும் வரிசையாக 21 தீவுகள். சுற்றிலும் பவளப் பாறைகள். 1986-ல் இதைக் கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள்.

21 என்று எழுதுகிறோம். ஆனால் தண்ணீருக்கு மேலே தலை காட்டுவது 19 தான்! பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற ரெண்டு தீவுகள் மூழ்கிவிட்டன. இதில் விலங்குசல்லி தூத்துக்குடிப் பக்கத்துத் தீவு. சுண்ணாம்புக்காகவும் கட்டட வேலைக்காகவும் பல வருஷங்களாகப் பவளப் பாறையை வெட்டி எடுத்தார்கள். பாறைதான் தீவுக்குக் காம்பவுண்டுச் சுவர். சுவரை இடித்தால் அலை நேரே வாசலுக்கு வரும். மணல் கரையும். தீவு இளைக்கும். ஒரு நாள் இருக்காது.

எந்தக் கல்லை எடுத்தபோது அந்தத் தீவின் கதை முடிந்தது? வள்ளுவர் சொன்ன அதே கதைதான். மயிலிறகுதானே என்று வண்டியில் ஏற்றிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் அச்சு முறியும். முறித்த இறகு எது என்று விசாரணைக் கமிஷன் போட்டாலும் கண்டுபிடிக்க முடியாது. எல்லா இறகும்தான்.

2001-ல் பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். அதாவது சட்டத்தின் கண்ணில் புலியும் பவளமும் ஒரே பெஞ்ச். வெட்டுவது நின்றது. ஆனால் வேறொரு டிகிரி ஏற ஆரம்பித்துவிட்டது. இது கடலின் சூடு. தண்ணீர் சில வாரங்கள் தொடர்ந்து அளவுக்கு மேல் சூடானால், பவளம் தனக்குள் குடியிருந்து சாப்பாடு போடும் நுண்பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. நிறமும் பாசியோடு போய்விடும். பவளம் வெள்ளை வெளேர் என்று ஆகிவிடும். 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் பெரிய அளவில் இப்படி வெளுத்தன.

வெளுத்த பவளம் செத்த பவளம் இல்லை. சூடு தணிந்தால் பாசி திரும்பும், நிறமும் திரும்பும். தணியாவிட்டால் செத்துப் போகும். நம்ம பாட்டிமார் 'கண்டம்' என்பார்களே, "இந்தக் கண்டத்தைத் தாண்டிட்டான்னா ஆயுசு கெட்டி" என்று... அந்தக் கண்டம்தான் இது. அங்கே சும்மா உட்கார்ந்திருக்கவும் இல்லை. இளைத்துப் போன வான் தீவைச் சுற்றிச் செயற்கைப் பாறைகளை இறக்கி அலையின் வேகத்தைக் குறைத்திருக்கிறார்கள். உடைந்த பவளத் துண்டுகளை நட்டு வளர்க்கிறார்கள், நாற்று நடுகிற மாதிரி. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பது பழமொழி. இன்னும் தலைக்கு மேல் போகவில்லை. கழுத்தில் நிற்கிறது என்று நம்பித்தான் இந்த வேலை நடக்கிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு மாற்றம் நிஜமாகவே ஸீ சேஞ்சா என்று தெரிய, இந்தக் கடற்கரை மூன்று கேள்விகளைக் கற்றுக் கொடுக்கிறது.

ஒன்று: இன்னொரு சர்க்குலர் போட்டால் பழையபடி ஆகிவிடுமா? ஆகும் என்றால் அது ஸீ சேஞ்ச் இல்லை, நாற்காலி சேஞ்ச்.

ரெண்டு: இடம் மாறியிருக்கிறதா, பொருளே மாறியிருக்கிறதா? சம்பளம் ஐந்நூறு ரூபாய் ஏறுவது இட மாற்றம். சம்பளம் வந்த அன்றைக்கே இ.எம்.ஐ.க்குப் போய்விடும் என்பதால், பிடிக்காத வேலையையும் விட முடியாத ஆளாக நீங்கள் மாறியிருந்தால், அது எலும்பு பவளமான கதை.

மூன்று: எதைப் பார்த்து, "வழக்கம்தானே, சரியாயிடும்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்? அங்கேதான் டிகிரி ஏறிக்கொண்டிருக்கும். பழைய நண்பனுக்குப் போன் பண்ணாமல் ஆறு மாசம். அப்பாவோடு உட்கார்ந்து பேசாமல் ஒரு வருஷம். படிக்க எடுத்து வைத்த புத்தகத்தின் மேல் தூசி. எதற்கும் யாரும் ரிப்பன் வெட்ட மாட்டார்கள். "வேலை ஜாஸ்தி, அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்றால், சிப்பி அடுத்த வருஷம் வரும் என்று கரையில் காத்திருந்தவர்கள் ஞாபகம் வரட்டும்.

இந்த வார்த்தைக்கு நல்ல பக்கமும் உண்டு. சிப்பிக்குள் புகுந்தது உறுத்தல்தான். ஆனால் படலம் படலமாகப் பூசிப் பூசி அதை முத்தாக்கியதும் இதே கடல்தான். தினம் அரை மணி நேரம் படிப்பவன், தினம் பத்து ரூபாய் எடுத்து வைப்பவன், தினம் ஒரு சிகரெட்டைக் குறைப்பவன்... அவர்கள் வாழ்க்கையில் 'திருப்புமுனை நாள்' என்று ஒன்று இருக்காது. மூணு வருஷம் கழித்துப் பார்க்கிறவர்கள்தான், "ஆளே மாறிட்டானே!" என்பார்கள். அப்போது தாராளமாக ஸீ சேஞ்ச் என்று சொல்லிக்கொள்ளலாம். ஷேக்ஸ்பியரே ஆட்சேபிக்க மாட்டார்.

ஒரே ஒரு கேள்வி மட்டும் பாக்கி. 1961-ல் படகைக் கரையேற்றியவர்கள் முட்டாள்கள் இல்லை. கடலை நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர்கள். அவர்களுக்கே அது கடைசி என்று தெரியவில்லை.

நமக்கு இப்போது நடந்துகொண்டிருக்கும் 1961 எது ஸார்?